நடன வகுப்புக்கு ஒரு தூக்கு ஸ்பீக்கர்: கல்லடியில் இரண்டு தடவை செய்த பெட்டி

பின்னணி

மட்டக்களப்பு கல்லடியில் பரதநாட்டியம் படிப்பிக்கும் ஒரு ரீச்சர் 2023 ஆகஸ்டில் தன் புளூடூத் ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். சார்ஜ் ஏறவில்லை. வாங்கி ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. திறந்து பார்த்தால் சார்ஜ் துளையின் செம்புக் கால்கள் பச்சை பிடித்திருந்தன, ஸ்பீக்கர் சட்டத்தின் விளிம்பில் துரு. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் வீடு இருந்தால் இது நடக்கத்தான் செய்யும். துடைத்து, புதுத் துளை வைத்து, வேலை செய்ய வைத்தேன். அப்போதுதான் அவர் உண்மையான குறையைச் சொன்னார்.

"தம்பி, இதில பாட்டு கேக்குது. ஜதி கேக்கேல்ல."

அவருக்கு மூன்று இடத்தில் வகுப்பு: கல்லடியில் ஒரு பாடசாலை மண்டபம், ஆரையம்பதியில் ஒரு கோயில் மண்டபம், விடுமுறை நாட்களில் கடற்கரையோரத் திறந்த வெளி. முன்பு கரண்டில் ஓடும் பெரிய செட் ஒன்று இருந்தது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு வந்தபோது அதை ஓரம் வைத்துவிட்டு, தட்டுக்கழியும் தொண்டையுமாக வகுப்பு நடத்தியிருக்கிறார். அதன் பிறகு வாங்கியதுதான் இந்தப் பிளாஸ்டிக் ஸ்பீக்கர். நட்டுவாங்கத்தை, அதாவது தாளம் தட்டி ஜதி சொல்வதை, ஒலிப்பதிவில் போட்டுவிட்டு பிள்ளைகளுக்கு நடுவில் நடந்து கால் கையைத் திருத்துவது அவருடைய முறை. கடைசி வரிசைக்கு "தரிகிட" எது, "தகதிமி" எது என்று பிரித்துக் கேட்காவிட்டால் அந்த முறை சரிவராது.

அவர் கேட்டவை நான்கு. ஸ்கூட்டியில் கால் வைக்கும் தட்டில் நிமிர்த்தி வைத்துக் கொண்டுபோக வேண்டும். ஒரு கையால் தூக்க வேண்டும், 6 கிலோவுக்கு மேல் வேண்டாம். 4 மணி நேரம் ஓட வேண்டும். ஸ்டீரியோவாக இருக்க வேண்டும், ஏனென்றால் அவரிடம் இருக்கும் பழைய பதிவுகள் சிலவற்றில் ஜதி ஒரு பக்கமும் பாட்டும் மிருதங்கமும் மறுபக்கமுமாக இருந்தன. ஒரு பக்கம் போனால் பாதி வகுப்பு போய்விடும்.

(கோன் உள்ள தனி உறுப்பை இதில் "ஸ்பீக்கர்" என்றும் முழுதாகச் செய்ததைப் "பெட்டி" என்றும் எழுதுகிறேன். எங்கள் பக்கம் இரண்டையும் ஸ்பீக்கர் என்றே சொல்வோம், அதனால் வந்த குழப்பம் போதும்.)

முதலில் கவனித்தவை

கடற்கரை வகுப்புக்கு ஒருநாள் போய் நின்று பார்த்தேன். முன் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் இடையில் 12 மீற்றர் இருந்தது. போனில் உள்ள சத்தம் அளக்கும் செயலி துல்லியமானதல்ல, ஆனால் ஒன்றோடு ஒன்றை ஒப்பிடப் போதும். அலையும் காற்றும் பிள்ளைகளின் காலடியும் சேர்ந்து 60 டெசிபெல் காட்டியது. பிளாஸ்டிக் ஸ்பீக்கரை முழுச் சத்தத்தில் வைத்தாலும் கடைசி வரிசையில் அதைவிட நாலைந்து டெசிபெல்தான் கூட. அந்தக் கூடுதலும் பெரும்பாலும் "தும் தும்" என்ற அடிச்சத்தம். மெய்யெழுத்துகளை அடையாளம் காட்டும் கூர்மையான பகுதி, 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளது, காற்றோடு போய்விட்டது.

பிறகு ரீச்சர் ஒரு காரியம் செய்தார். எனக்கு அது தோன்றவே இல்லை. இருபது சொற்கட்டுகளைத் தாறுமாறான வரிசையில் தன் குரலில் பதிந்து, கடைசி வரிசையில் ஆறு பிள்ளைகளைக் கொப்பியோடு உட்கார வைத்து, கேட்டதை எழுதச் சொன்னார். சராசரியாக 20இல் 11 சரி. இந்தச் சோதனையைத்தான் கடைசிவரை அளவுகோலாக வைத்துக்கொண்டோம். செயலி காட்டும் எண்ணைவிட அதில் எனக்கு நம்பிக்கை கூட.

முதல் தீர்மானம்: கார் கதவு ஸ்பீக்கர்

இதில் தவறு என்னுடையது, அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

பழைய வாகனப் பாகங்கள் விற்கும் ஒரு கடையில் ஆறரை அங்குலக் கார் ஸ்பீக்கர் ஒரு சோடி கிடைத்தது. நடுவிலேயே சின்ன ட்வீட்டர் (மேல் சுரங்களுக்கான குட்டி ஸ்பீக்கர்) பொருத்தியது, 4 ஓம். கோன் பிளாஸ்டிக், விளிம்பு றப்பர். உப்புக் காற்றுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்தேன். பெட்டிக்குப் 18 மில்லிமீற்றர் எம்.டி.எஃப்., அதாவது மர நாரை அழுத்திச் செய்த பலகை. ஸ்பீக்கர் பெட்டி என்றால் எம்.டி.எஃப். என்று எங்கேயோ படித்து மனதில் பதிந்திருந்தது. 50 சென்ரிமீற்றர் நீளம், 22 உயரம், 20 ஆழம். இரு பக்கமும் ஸ்பீக்கருக்கு மூடிய அறை, ஒவ்வொன்றும் சுமார் 5 லீற்றர், நடுவில் பற்றரிக்கும் அம்ப்ளிஃபயருக்கும் (சுருக்கமாக அம்ப்) ஒரு சின்ன அறை. அம்ப், டிபிஏ 3116 என்ற சிப் உள்ள சின்னப் பலகை. 4.5 முதல் 26 வோல்ட் வரை எதிலும் ஓடும், அதிகம் சூடாகாது. பற்றரி, யூ.பி.எஸ்.இல் இருக்கும் 12 வோல்ட் 7 அம்பியர்-மணி ஈயப் பற்றரி.

செப்டெம்பர் கடைசியில் முடிந்தது. நிறுத்தால் 11.6 கிலோ. ரீச்சர் ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கீழே வைத்தார்.

பாரம்கூடப் பரவாயில்லை, சத்தம் மோசம். ஆண் குரலில் ஜதி போட்டால் குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுவது போல இருந்தது. கொப்பிச் சோதனையில் 20இல் 13. சத்தம் முந்தியதைவிட எவ்வளவோ பெரிது, தெளிவு இரண்டே இரண்டு கூடியிருந்தது.

காரணத்தைப் பெட்டி செய்த பிறகு தேடினேன். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் சில அடிப்படை எண்கள் உண்டு. நெவில் தீல் என்ற அவுஸ்திரேலியப் பொறியியலாளர் 1961இல் எழுதியதையும் அதைத் தொடர்ந்து ரிச்சர்ட் ஸ்மோல் 1970களின் தொடக்கத்தில் எழுதியதையும் வைத்து அவற்றைத் தீல்–ஸ்மோல் எண்கள் என்பார்கள். எனக்கு வேண்டியிருந்தவை மூன்று. கோன் தானாக அதிர விரும்பும் அதிர்வெண் ஒன்று. அந்த அதிர்வை ஸ்பீக்கர் எவ்வளவு அடக்கிப் பிடிக்கிறது என்பது இரண்டாவது, இதை க்யூ என்பார்கள், எண் கூடினால் பிடி தளர்வு. மூன்றாவது, கோனின் தொங்கல் (அதைத் தாங்கிப் பிடிக்கும் வளையும் பகுதி) எத்தனை லீற்றர் காற்றின் வில்தன்மைக்குச் சமம் என்பது.

கார் ஸ்பீக்கரை அளந்தபோது 70 ஹெர்ட்ஸ், 0.75, 14 லீற்றர் என்று வந்தது. கார் கதவுக்குள் நிறைய இடம் இருக்கிறது, அங்கே அது நன்றாகவே பாடும். அதை 5 லீற்றரில் அடைத்தால் உள்ளே உள்ள காற்று வில் போலத் தள்ளும். கணக்கு எளிது: 14ஐ 5ஆல் வகுத்து, 1ஐக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் 1.95. அதிர்வெண்ணையும் க்யூவையும் அதால் பெருக்கினால் 136 ஹெர்ட்ஸ், 1.46. மூடிய பெட்டியில் க்யூ 0.7ஐ ஒட்டி இருந்தால்தான் சத்தம் சமதரையாக வரும். 1.46 என்றால் 150 ஹெர்ட்ஸை ஒட்டி கிட்டத்தட்ட 4 டெசிபெல் மேடு. ஆண் குரலின் அடித்தளம் சரியாக அந்த இடம். குடம் அங்கேதான் இருந்தது.

ஒக்ரோபர் கடைசியில் வாடைக்காற்றோடு மழை தொடங்கியது. நவம்பரில் ஒருநாள் ஆரையம்பதியில் இருந்து திரும்பும் வழியில் பெட்டி நனைந்தது, பத்து நிமிட மழைதான். இரண்டு நாள் கழித்து அடிப்பலகையின் விளிம்பு ஊறிப் பாண் போல உப்பியிருந்தது, ஆணிகள் பிடி விட்டிருந்தன. அந்தப் பெட்டியின் கதை அதோடு முடிந்தது.

இரண்டாம் தடவை: முதலில் அளப்பது

இந்த முறை பலகையைத் தொடுவதற்கு முன் கிடைக்கக்கூடிய ஸ்பீக்கர் எல்லாவற்றையும் அளப்பது என்று முடிவெடுத்தேன். ரேடியோ திருத்தும் ஒரு அண்ணனின் கடையில், யப்பான் பழைய செட்டுகளில் கழற்றிய சோடிகள் ஒரு தட்டு நிறைய இருந்தன. இங்கே தரவுத்தாளோடு ஸ்பீக்கர் வாங்குவது அபூர்வம். வெளியூரில் இருந்து எடுப்பிக்கலாம், ஆனால் 2022இல் டொலர் 200 ரூபாய் அளவில் இருந்து 360ஐ நெருங்கிய பிறகு விலையும் கூலியும் சேர்ந்து ஆளை மலைக்க வைத்தன.

அளப்பதற்குப் பெரிய கருவி வேண்டாம். போனில் ஒரு சுரம் போடும் செயலி, அதிலிருந்து அம்ப், அம்பிலிருந்து 100 ஓம் தடை வழியாக ஸ்பீக்கர், ஸ்பீக்கரின் இரு முனையிலும் மல்டிமீற்றர். அதிர்வெண்ணை 30இல் இருந்து மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டு போனால் ஓரிடத்தில் வோல்ட் உச்சத்துக்கு ஏறி இறங்கும். அதுதான் கோனின் சொந்த அதிர்வெண். உச்சம் கூர்மையா தட்டையா என்பதில் இருந்து க்யூவைக் கணக்கிடலாம்.

மூன்றாவது எண்ணுக்குக் கோனின் மேல் தெரிந்த ஒரு பாரத்தை ஒட்டி மறுபடி அளக்க வேண்டும். பிள்ளைகள் விளையாடும் களிமண் எடுத்தேன். நிறுப்பதற்குச் சரியான தராசு எங்கள் ஊரில் நகைக்கடையில்தான் உண்டு. "10 கிராம் களிமண் நிறுத்துத் தாங்க" என்று கேட்டபோது கடைக்காரர் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. ஆனாலும் சிரிக்காமல் நிறுத்துத் தந்தார்.

தட்டில் இருந்த சோடிகளில் பாதிக்கு மேல் அளக்கும் முன்பே கழிந்தன. விளிம்பு பஞ்சு நுரையாக இருந்தவை, விரலால் தொட்டதும் மாவாக உதிர்ந்தன. ஈரமும் வெக்கையும் அந்த நுரையை வருடக்கணக்கில் தின்றுவிடும், மட்டக்களப்பில் இரண்டுக்கும் குறைவில்லை. கோன் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் நுரை விளிம்பு என்றால் நான் இப்போது எடுப்பதில்லை. காந்தத்தைப் பொறுத்தவரை கறுப்பு ஃபெரைட் துருப்பிடிக்காது, அது ஏற்கெனவே ஒக்சைட்டுதான். துருப்பிடிப்பது அதன் முன்னும் பின்னும் இருக்கும் இரும்புத் தட்டு. அந்தத் துரு சுருளின் இடைவெளிக்குள் விழுந்தால் கோன் உரசும். அதனால் ஒவ்வொன்றையும் காதருகே பிடித்துக் கோனை மெல்ல அமுக்கி, உரசல் கேட்கிறதா என்று பார்த்தோம்.

மிஞ்சியதில் ஒரு சோடி பிடித்திருந்தது: ஐந்தேகால் அங்குலம், கடதாசிக் கோன், றப்பர் விளிம்பு, 6 ஓம். சொந்த அதிர்வெண் 78 ஹெர்ட்ஸ். 10 கிராம் களிமண் ஒட்டியதும் 54க்கு இறங்கியது. கணக்குப் போட்டால் கோனின் பாரம் 9 கிராம், காற்றுக்குச் சமமான அளவு 5 லீற்றர், க்யூ 0.5. இந்த எண்களில் இருந்து உணர்திறனும் வரும்: 1 வாட் கொடுத்து 1 மீற்றரில் நின்றால் 88 டெசிபெல்.

வாட்டைப் பார்க்காமல் உணர்திறனைப் பார்த்தது ஏன்

இந்த இடத்தில் ரீச்சரின் தம்பி ஒருவர் வேறொரு யோசனை சொன்னார். இணையத்தில் விற்கும் 3 அங்குல ஸ்பீக்கர், சின்னது, பாரமில்லாதது, அடிச்சத்தம் ஆழமாக வரும், மேலே 50 வாட் என்று எழுதியிருந்தது. தரவுத்தாளும் இருந்தது. உணர்திறன் 82.

கணக்கை மேசையில் வைத்தோம். கடைசி வரிசையில் சராசரி 70 டெசிபெல் வேண்டும், சுற்றுச் சத்தத்தைவிட 10 கூட. திறந்த வெளியில் தூரம் இரட்டிக்க 6 டெசிபெல் போகும், 12 மீற்றருக்கு 22 போய்விடும். ஆக 1 மீற்றரில் சராசரி 92. மிருதங்க அடியும் தட்டுக்கழியும் சராசரிக்கு மேல் 10 துள்ளும், அதையும் சேர்த்து 102. ஸ்பீக்கர் இரண்டு என்பதால் 3 கழிக்கலாம்.

88 உள்ள ஸ்பீக்கருக்கு இது ஒவ்வொன்றுக்கும் 13 வாட்டுக்கு உட்பட்ட உச்சம். 12.8 வோல்ட் பற்றரியில் 6 ஓமுக்கு இந்த அம்ப் கொடுக்கக்கூடியதும் கிட்டத்தட்ட அதே. 82 உள்ளதற்கு 50 வாட், அதற்கு இரு மடங்கு வோல்ட் வேண்டும். ஆறு டெசிபெல் வித்தியாசம் என்றால் நான்கு மடங்கு மின்சாரம். மேலே எழுதியிருந்த "50 வாட்", அது எவ்வளவு சத்தம் போடும் என்பதைச் சொல்லவில்லை, எரியாமல் எவ்வளவு தாங்கும் என்பதைத்தான் சொல்கிறது. ஆழமான அடிச்சத்தம், சின்னப் பெட்டி, உரத்த சத்தம் மூன்றையும் ஒன்றாகத் தரும் ஸ்பீக்கர் கிடையாது, இரண்டைத்தான் எடுக்கலாம். ஜதிக்கு ஆழம் தேவையில்லை. அதை விட்டுக்கொடுத்தோம்.

5 லீற்றருக்குச் சமமான தொங்கலை 6 லீற்றர் அறையில் வைத்தால் க்யூ 0.68, அதிர்வெண் 106. மூடிய பெட்டிக்கு இதைவிடப் பொருத்தம் தேடத் தேவையில்லை. குழாய் வைத்த பெட்டி செய்திருந்தால் இன்னும் கீழே இறங்கியிருக்கும், மிருதங்கத்தின் தொப்பிக்கு அது அழகு. ஆனால் திறந்த குழாய் என்றால் உப்புக் காற்று நேரே உள்ளே போகும், மணல் போகும். எங்கள் வீட்டு மல்டிபிளக் துளைக்குள்கூடக் குளவி மண் அப்பி வைத்திருக்கிறது, 5 சென்ரிமீற்றர்க் குழாயை விட்டுவைக்குமா?

கடதாசிக் கோன் ஈரத்துக்கு ஆகாதே என்ற பயம் எனக்கு இருந்தது. பெட்டி மூடியது, பின்பக்கம் பாதுகாப்பு, முன்பக்கம் துணி வரும் என்று துணிந்தேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்து பார்ப்பது என்றும் எழுதி வைத்தேன்.

மேல் சுரங்களுக்கு ட்வீட்டர் தனியாக வேண்டியிருந்தது, இந்தக் கோன் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் சோர்ந்துவிடும். மலிவான பீசோ ட்வீட்டரை முதலில் வைத்துப் பார்த்தோம். தாளம் தகர டப்பாவாகக் கேட்டது. பட்டுத் துணிக் குமிழ் உள்ள 25 மில்லிமீற்றர் ட்வீட்டருக்கு மாறினோம். 8 ஓம், தொடரில் 4.7 மைக்ரோஃபரட் துருவமில்லாத கொண்டன்சர், அதாவது 4,200 ஹெர்ட்ஸுக்குக் கீழே மெல்ல அடங்கும். கொஞ்சம் துருத்தியதால் ஒரு சிறு தடையும் போட்டேன்.

ஸ்டீரியோ விடயத்தில் ரீச்சரிடம் நேராகவே சொன்னேன். இரு ஸ்பீக்கருக்கும் இடையில் 30 சென்ரிமீற்றர்தான், 2 மீற்றரில் நின்றாலே அது 9 பாகைகூட வராது. நல்ல ஸ்டீரியோவுக்கு 60 பாகை என்பார்கள். இரண்டு பக்கமும் கேட்கும், ஆனால் பாட்டு இடமிருந்து வலம் விரியாது. அவருக்கு அது போதுமாக இருந்தது.

பலகை

பெட்டி செய்தவர் காத்தான்குடி ஓடாவி ஒருவர், நாற்பது வருட அனுபவம். "நானா, பிளைவூட் போதும்" என்றதும் அவருக்கு முகம் மாறியது.

"பிளைவூட்டுல சத்தம் வராது தம்பி. பலா போடுவம். மத்தளம் எதுல கடையிறாங்க?"

நியாயமான கேள்வி. வடமோடிக் கூத்துக்கு மத்தளம் அடிக்கும் போது மரமும் சேர்ந்து அதிர்கிறது, அதற்காகத்தான் அந்த மரம். ஆனால் ஸ்பீக்கர் பெட்டி தன் பங்குக்கு எதுவும் பாடக்கூடாது. பாடினால் எல்லாப் பாட்டிலும் அதே ஒரு சுரம் கலந்து வரும். விரல் மொட்டால் தட்டிக் காட்டினேன்: பலாப் பலகை "ணங்" என்றது, பிளைவூட் "டொக்" என்றது. நமக்கு "டொக்" வேண்டும் என்றேன். அவர் ஏற்றுக்கொண்டாரா தெரியவில்லை, செய்து தந்தார்.

எந்தப் பிளைவூட் என்பதற்கு ரீச்சரின் குசினியில் சோதனை. மூன்று வெட்டுத் துண்டுகளை ஒரு பழைய பானையில் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க வைத்தோம். எம்.டி.எஃப். துண்டு கூழாகத் தொடங்கியது. சாதாரணப் பிளைவூட் ஒரு மூலையில் ஏடு ஏடாகப் பிரிந்தது. படகு வேலைக்கு விற்கும் பிளைவூட் நிறம் மாறியது, பிரியவில்லை. அதன் பசை கொதிநீர் தாங்கும் வகை. பானை திரும்பச் சமையலுக்கு உதவவில்லை, அதைப் பிறகு நான் வாங்கிக் கொடுத்தேன்.

12 மில்லிமீற்றர் எடுத்தோம். வெளி அளவு முந்திய பெட்டியுடையதே, பலகை மெலிந்ததால் உள் அளவு கூடியது. பெட்டி மட்டும் 4 கிலோவுக்குள், எம்.டி.எஃப். பெட்டி ஆறரை. மெல்லிய பலகை அதிராமல் இருக்க நடு அறையின் இரு சுவர்களும் முன் பின் மேல் கீழ் நான்கையும் இறுக்கிப் பிடித்தன. வெட்டு விளிம்புகளுக்கு, ஃபைபர் படகு திருத்தும் ஒருவரிடம் ரெசின் வாங்கி இரண்டு கை பூசினோம். ஆணி எல்லாம் ஸ்டெயின்லெஸ். உள்ளே தலையணைக்கு அடைக்கும் பொலியெஸ்டர் பஞ்சு, இலவம்பஞ்சு வேண்டாம் என்றேன், ஈரம் குடித்துக் கட்டிபடும்.

பற்றரி, லிதியம் இரும்பு பொஸ்பேட் வகை, 3.2 வோல்ட் செல் நான்கு, 6 அம்பியர்-மணி, பாதுகாப்புப் பலகையுடன். முந்திய ஈயப் பற்றரி 2 கிலோவுக்கு மேல், இது முக்கால் கிலோகூட வராது. வெயிலில் ஸ்கூட்டியில் நிற்கும் பொருளுக்கு மடிக்கணினி செல்களை நான் வைக்க மாட்டேன். சார்ஜர் மட்டும் 14.6 வோல்ட்டாக இருக்க வேண்டும், வீட்டில் கிடந்ததை எல்லாம் குத்தக்கூடாது என்று பெட்டியின் பின்னால் எழுதி ஒட்டினேன்.

பிறகு நடந்தவை

2024 ஜனவரி நடுப்பகுதியில் பெட்டி முடிந்தது. 6.7 கிலோ. சொன்ன கணக்கைவிட முக்கால் கிலோ கூட, ரீச்சர் தூக்கிப் பார்த்துவிட்டு "பரவாயில்ல" என்றார்.

முதல் நாளே ஒரு கரைச்சல். புளூடூத் தொடுத்ததும் கொசு இரைவது போல ஒரு கீச்சுச் சத்தம். புளூடூத் பலகையும் அம்பும் ஒரே மின்வழியைப் பங்கிட்டதால் வந்தது. இடையில் தரையைப் பிரிக்கும் சின்ன மின்மாற்றிப் பலகை ஒன்று வைத்ததும் நின்றது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: இந்த அம்பில் இரு பக்க ஸ்பீக்கர்களின் கழித்தல் வயர்களை ஒன்றாக முறுக்கக்கூடாது, அவை தரை அல்ல. பழைய செட் பழக்கத்தில் திருத்தும் அண்ணன் அதைச் செய்யப்போய், கடைசி நேரத்தில் தடுத்தேன்.

கடற்கரையில் 12 மீற்றரில் சராசரி 69, 70 என்று செயலி காட்டியது. கொப்பிச் சோதனையில் 20இல் 18. தவறிய இரண்டும் பெரும்பாலும் "கிட" என்பதை "திட" என்று எழுதியவை. 4 மணி நேரத்துக்குக் கேட்ட பற்றரி, சார்ஜ் போடாமல் மூன்று வகுப்புகளுக்குத் தாங்குகிறது, கணக்கும் அப்படித்தான் சொன்னது: சராசரியில் இரு ஸ்பீக்கருக்கும் சேர்த்து இரண்டரை வாட்தான்.

பெப்ரவரியில் சின்னப் பிள்ளை ஒன்று துணியின் மேலாக ட்வீட்டர் குமிழை விரலால் அமுக்கிப் பள்ளமாக்கிவிட்டது. ஒட்டும் நாடாவால் மெல்ல இழுத்து எடுத்தேன், ஒரு சுருக்கம் மிஞ்சிவிட்டது. அதன் பிறகுதான் கம்பி மூடி. கடையில் அளவாகக் கிடைக்காததால் இரண்டு ஸ்டெயின்லெஸ் தேயிலை வடிகளின் வலையை வெட்டிக் கவிழ்த்து ஒட்டினேன்.

2024 நவம்பர் கடைசி வெள்ளத்தில் ரீச்சரின் வளவுக்குள் தண்ணீர் வந்தது. பெட்டி அலுமாரிக்கு மேல் இருந்தது, நனையவில்லை, ஆனால் ஒரு வாரம் வீடு முழுக்க ஈரம். டிசம்பரில் திறந்து அளந்தேன். கோனின் அதிர்வெண் 78இல் இருந்து 72க்கு இறங்கியிருந்தது. தொங்கல் தளர்ந்ததும் கடதாசி கொஞ்சம் ஈரம் வாங்கியதும் சேர்ந்திருக்கும். மூடிய பெட்டியில் கோனைப் பிடிப்பதில் காற்றுக்கும் கிட்டத்தட்டப் பாதிப் பங்கு என்பதால் காதுக்கு வித்தியாசம் தெரியவில்லை. விளிம்பு ரெசின் அப்படியே இருந்தது. ஸ்பீக்கர் முனை ஒன்றில் பச்சை தொடங்கியிருந்தது, சுரண்டி, புது ஈயம் வைத்து, நகப்பூச்சு பூசினேன்.

இன்னொரு முறை செய்தால்

ஸ்பீக்கரை வாங்கி, அளந்து, பிறகு பலகைக்குப் போவேன். முதல் பெட்டிக்குப் போன பலகை, கூலி, இரண்டு மாதம் எல்லாம் ஒரு மாலை நேர அளவீட்டில் மிஞ்சியிருக்கும்.

சார்ஜ் துளையை மேல்பக்கம் வைத்தது பிழை. ரீச்சர் தண்ணீர்ப் போத்தலை அதன் மேல்தான் வைக்கிறார். பின்பக்கம் கீழ்நோக்கி, றப்பர் மூடியோடு வைத்திருக்க வேண்டும்.

பாரத்தைக் குறைக்க 9 மில்லிமீற்றர் பலகையும் ஒரு குறுக்குச் சட்டமும் போதுமா என்று பார்க்க ஆசை இருக்கிறது. கடதாசிக் கோனுக்கு முன்கூட்டியே ஏதாவது பூசலாமா என்ற கேள்வியும் உண்டு, ஆனால் 9 கிராம் கோனில் 1 கிராம் பூச்சு ஏறினாலே எண்கள் மாறும், அதனால் இன்னும் கை வைக்கவில்லை.

சுருங்கிய குமிழுக்குப் பதில் புது ட்வீட்டர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். மாற்றித் தரவா என்று கேட்டால், "எனக்கு வித்தியாசம் தெரியேல்ல, வகுப்பு இல்லாத நாள் வரட்டும்" என்கிறார். வகுப்பு இல்லாத நாள் இன்னும் வரவில்லை.